கரி பூசிய கடுதாசி

செத்து மூன்று வருஷமான பக்கிரி, வைகாசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மேரிக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தான்.

மேரி என்றதும் மாதா கோயில் என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சுக்காரன் ராஜ்ஜியத்தில் நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு கொம்யூன், கொம்யூனுக்குக் கொம்யூன் ஓட்டுப் போட்டு வைத்த தலைவராக ஒரு மேர் உண்டு. அந்த மேர் உட்காரும் கட்டடத்துக்குத்தான் மேரி என்று பெயர். கோரைப்பட்டுக்காரன் பிறந்தாலும் அங்கேதான் எழுத வேண்டும், செத்தாலும் அங்கேதான் எழுத வேண்டும். நடுவில் அவன் கூழுக்கு அலைகிற காலத்தில் மட்டும் யாரும் அவனை எழுதிவைப்பதில்லை. ஓட்டு வந்தால் கூப்பிடுவார்கள்.

இந்தச் சேதியைக் கொண்டுவந்தவன் பக்கிரியின் அண்ணன் சுப்பராயலு. மத்தியானம் வெயிலில் வந்து, காலைக் கழுவிக்கொண்டு, களி உருண்டையை நடுவில் குழித்துக் கருவாட்டுக் குழம்பை ஊற்றச் சொல்லி நீட்டினவன் தனக்குத்தானே சிரித்தான். அகப்பையும் கையுமாக நின்ற சின்னபொண்ணு, செத்துப்போனவனின் பொண்டாட்டி, கேட்டாள்.

"இன்னா மாமா, தானா சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. மேரியில பேரு கூப்ட்டுகினே வந்தாங்க. என் பேரு ஆச்சு. அடுத்தாப்ல 'பக்கிரி, தகப்பன் குழந்தைவேல்'னாங்க. பின்னாலேர்ந்து ஒருத்தன் 'இருக்கேன்'னு கொரல் குடுத்தான். வந்தான், பொட்டியில போட்டான், போய்ட்டான்."

"எவன் அவன்?"

"எவனோ. ஆத்துக்கு அந்தாண்டேர்ந்து வண்டி வண்டியாக் கொண்டாந்து எறக்குனானுங்க. பெரிய மீசை. நம்ம பக்கிரிக்கு மீசையே சரியா மொளைக்கல."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"நான் இன்னா பண்றது? என் ஓட்டப் போட்டுட்டு வந்தேன்."

"கூடப் பொறந்தவன் பேரச் சொல்லிகினு எவனோ எதிர்ல வந்து நிக்கிறான். நீங்க பாத்துகினு வந்தீங்க."

"மேர் நெலத்ததான் குத்தகைக்கு ஓட்டிகினு இருக்கேன், மறந்துட்டியா? வாயத் தொறந்தா நாளைக்கே ஏர அவுத்துடுவாரு. குழம்ப ஊத்து."

சின்னபொண்ணு குழம்பை ஊற்றவில்லை. அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். "எங்கூட்டுக்காரரு சுடுகாட்டுலேர்ந்து எழுந்து மேரி வரைக்கும் வந்தவரு, இப்படி வூட்டாண்ட வந்து பொண்ண ஒரு பார்வை பாத்துட்டு, ஒரு வாய் கூழ் குடிச்சிட்டுப் போவக் கூடாதா?" என்றாள். அவள் கேட்ட கேட்பில் சுப்பராயலு வெறுங்களியை விழுங்கிவிட்டு எழுந்தான்.

கோபம் வராமல் என்ன செய்யும்? பக்கிரி எப்படிச் செத்தான் என்பது ஊருக்கே தெரியும். மூன்று வருஷத்துக்கு முந்திய கார்த்திகைப் புயலில் ஏரிக்கரை அரித்துக்கொண்டு போனபோது, மேரியிலிருந்து ஆள் வந்து வீட்டுக்கு ஒருத்தனைக் கரைக்கு வரச் சொன்னார்கள். சுப்பராயலுக்குக் காய்ச்சல் என்று பக்கிரி போனான். வைக்கோல் பிரியும் மண்ணும் போட்டு மிதித்துக்கொண்டிருந்தவன் நின்ற இடத்தோடு கரை போயிற்று. இரண்டாம் நாள் கீழ் வாய்க்கால் தாழம்புதரில் கிடைத்தான். நாலு பேர் தூக்கி வந்தார்கள், ஊரே நின்று கொளுத்தியது. அப்போது கைக்குழந்தை ஜெயா. தகப்பன் முகம் அதற்குத் தெரியாது.

ஊருக்குத் தெரிந்தது மேரிக்குத் தெரியவில்லை. குமாஸ்தா ஆதிமூலம் முதல் தடவை, "வெள்ளக் கணக்கெல்லாம் முடியட்டும்" என்றான். அப்புறம், "மேர் ஐயா பட்டணம் போயிருக்காரு" என்றான். அப்புறம், சாட்சி எங்கே என்றான். சாட்சியோடு போன அன்று, புஸ்தகம் எங்கே என்று அவனே தேடினான். பதினோரு நடை. ஒரு சாவை எழுத ஒரு சொட்டு மைக்குப் பதினோரு நடை நடந்தாள் அவள்.

நஷ்டம் என்னவென்றால், பாகம் பிரித்ததில் பக்கிரி பேரில் இருந்த அரைக்காணி. ஏரித் தண்ணீர் பேருக்குப் பேர் முறை வைத்து விடுவது. முறைநாளில் நிலத்துக்காரன் மதகடியில் வந்து நிற்க வேண்டும். பொண்டாட்டி நிற்பதென்றால் புருஷன் செத்த சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டு இல்லை. மதகுக்காரன் முறை தவறாமல், "பக்கிரிய வரச் சொல்லும்மா" என்பான். சொல்லிவிட்டுப் பக்கிரியின் தண்ணீரை மேர் நிலத்துக்குத் திருப்பிவிடுவான். மூன்று போகம் அரைக்காணி வெடித்துக் கிடந்தது. சின்னபொண்ணு அடுத்தவன் வயலில் நாற்றுப் பிடுங்கித்தான் பெண்ணுக்குக் கஞ்சி ஊற்றினாள். ஆதிமூலம் மறதிக்காரன் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவன் மறக்கவில்லை, பக்கிரி பேரை ஓட்டுக்காகப் பத்திரமாக வைத்திருந்தான் என்பது இந்த ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது. செத்தவனுக்கு ஓட்டு உண்டு, தண்ணீர் கிடையாது.

அன்றைக்குப் பொழுது இறங்குவதற்குள் அவள் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கடுதாசி எழுதுவது அவளுக்குப் புதிதல்ல. சின்ன வயசில், கன்னியாஸ்திரீ மடத்தில் நெல் குத்தப் போன தாயோடு நாலு வருஷம் போய் எழுத்துக் கற்றவள். ஒன்றாக நடவு நட்ட கூட்டாளிகள் மூன்று பேரை மூன்று திக்கில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். செங்கமலம் சோரியாங்குப்பத்தில். காசம்மாள் மணப்பட்டில். கஸ்தூரி ஆற்றுக்கு அந்தண்டை, இங்கிலீஷ்காரன் எல்லையில். பக்கிரி செத்த நாலாம் மாசம் மாசிமகத்தில் தீர்த்தவாரிக் கூட்டத்துக்குள் இந்தக் கஸ்தூரி பின்னாலிருந்து வந்து கண்ணைப் பொத்தி, "எங்கடி உன் ஆம்பள? புள்ளையக் குடுத்துட்டு ஓடிட்டானா?" என்று சிரித்தாள். திரும்பிய சின்னபொண்ணின் வெறும் நெற்றியைப் பார்த்தபிறகு அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

இனி ஒருத்தி சேதி ஒருத்திக்குத் தெரியாமல் போகக் கூடாது என்று அன்றைக்கே ஆரம்பித்ததுதான் அமாவாசைக் கடுதாசி. அமாவாசையில் ஏர் பூட்ட மாட்டார்கள், கூலி வேலை இருக்காது. அன்று ஒரே சேதியை மூன்று தாளில் மூன்று தடவை எழுதுவாள். தபாலில் போட்டால், மூன்று மைல் தூரத்தில் இருக்கிற கஸ்தூரிக்கு அது அந்நிய ராஜ்ஜியத்துக் கடுதாசி. பட்டணம் போய் ஊரைச் சுற்றி ஒன்பது நாள் கழித்துச் சேரும். அதனால் பனித்திட்டிலிருந்து மீன்கூடை சுமந்து வரும் வேலம்மாள் கையில் கொடுப்பாள். வேலம்மாளே ஒவ்வொருத்தி சேதியையும் வாய்ச்சேதியாகக் கேட்டுவருவாள். அடுத்த அமாவாசைக் கடுதாசியில் அதுவும் ஏறிவிடும். காசம்மாள் வீட்டு ஆடு இரட்டைக் குட்டி போட்டது, செங்கமலத்தின் மாமியாருக்குக் கண்ணில் பூ விழுந்தும் குழம்பில் மீன் எண்ணுவது நிற்கவில்லை, சின்னபொண்ணு குமாஸ்தாவிடம் ஏழாம் நடை போனாள் - எல்லாம் இருக்கும். மூன்று பேருக்கும் எழுத்துத் தெரியாது. காசம்மாளுக்கு உபதேசியார் படித்துக் காட்டுவார், மற்ற இருவருக்கும் அந்தந்த ஊரில் ஒருத்தர். மாமியார் சமாச்சாரம் வருகிற இடத்தைச் செங்கமலம் இரண்டு தடவை படிக்கச் சொல்வாளாம்.

இந்தத் தடவை அமாவாசை செவ்வாய்க்கிழமை. சின்னபொண்ணு அதுவரை பொறுக்கவில்லை. கல்யாணக் கடுதாசி, கருமாதிக் கடுதாசி என்று ஊரில் வருகிறதையெல்லாம் படித்துச் சொல்பவள் அவள்தான். அந்த வாசகம் அவளுக்கு மனப்பாடம். இப்படி எழுதினாள்:

'இதனால் அறிவிப்பது என்னவென்றால், கோரைப்பட்டு குழந்தைவேல் குமாரர் பக்கிரி என்பவர் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தடவை காலமாகி, நாளது வைகாசி மாதம் ஞாயிற்றுக்கிழமை எழுந்து வந்து மேரியில் ஓட்டுப் போட்டுவிட்டு மறுபடியும் சிவலோகப் பதவி அடைந்தார். ஆகையால் பந்துமித்திரர்கள் வந்து இரண்டாம் கருமாதியை நடத்திக் கொடுக்கவும்.'

எழுதியும் ஆத்திரம் தீரவில்லை. சோற்றுப் பானையைக் கவிழ்த்து, அடிக்கரியை விரலில் தேய்த்து, மூன்று தாளுக்கும் நாலு பக்கமும் ஓரம் கட்டினாள். பார்த்தாள். அசல் சாவுக் கடுதாசியாகவே இருந்தது. அப்போதுதான் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

சிரித்திருக்கக் கூடாது. அந்த வாரம் வேலம்மாளுக்குக் காய்ச்சல். கூடையைத் தூக்கி வந்தது அவள் மருமகள், ஊர் பேர் தெரியாத புதுப்பெண். கரியோரத்தைக் கண்டதும் அவள் முந்தானையால் பிடித்து வாங்கிக்கொண்டாள். சாவுச் சேதி கொண்டுபோகிறவள் தண்ணீர் குடிக்கக் கூடாது, உட்காரக் கூடாது, போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. ஒவ்வொரு வாசலிலும், "கோரைப்பட்டு சின்னபொண்ணு வூட்டுலேர்ந்து" என்று மட்டும் சொல்லிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். கரியோரக் கடுதாசியை வீட்டுக்குள் கொண்டுபோகிற வழக்கமும் இல்லை. எழுத்துத் தெரியாத வீட்டில் அதைப் படிக்க ஆள் தேடிக்கொண்டு யார் நிற்பார்கள்? மூன்று பேரும் கிழித்துப் போட்டார்கள், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள், மாரடித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

புதன்கிழமை விடிந்து கொஞ்ச நேரம். சின்னபொண்ணு கழனியில் முட்டளவு சேற்றில் குனிந்து நாற்றுப் பிடுங்கி, வேர் மண்ணைக் காலில் தட்டிக் கட்டு கட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். தெருக்கோடியில் ஒப்பாரிச் சத்தம். ஐயோ, யார் போய்விட்டார்கள் என்று கையில் ஒட்டின சேற்றோடு ஓடினாள். அவள் வீட்டு வாசலில் தலைவிரி கோலமாகக் கஸ்தூரி மண்ணில் புரண்டுகொண்டிருந்தாள். காசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டே அழுதாள். செங்கமலம், "என் கண்ணே, உம் புள்ளைய யாருகிட்ட உட்டுட்டுப் போன?" என்று ராகம் இழுத்தவள், எதிரே வருகிறவளைப் பார்த்ததும் இழுத்த ராகத்தை அப்படியே விட்டுவிட்டு வாயைத் திறந்தபடி நின்றாள்.

"யாருடி செத்தது?" என்றாள் சின்னபொண்ணு.

கஸ்தூரி எழுந்தாள். முந்தானை மண்ணைத் தட்டினாள். நேராக வந்து சின்னபொண்ணின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"நீதான்டி செத்த! மூணு மைலு மாரடிச்சிகினு வரேன். சாவடியில சுங்கக்காரன் வாய்க்கரிசி மூட்டைய அவுத்துக் கொட்டிப் பாக்குறான், கோடித்துணிக்குத் தீர்வை கட்டுன்றான். அவன் கால்ல உழுந்து, 'எங்கூட்டாளி செத்துட்டா சாமி'ன்னு அழுது வந்திருக்கேன். நீ சேத்துக் கையோட வந்து நிக்கிற!"

"செத்தவ எப்படிடி கடுதாசி எழுதுவா? அத யோசிக்க வேணாமா?"

"கரியப் பாத்தா யோசனை வருமா? ஒப்பாரிதான் வரும்" என்றாள் செங்கமலம். "எம் மாமியாரே அழுதுச்சுடி உனக்காவ."

"அதக் கடுதாசியில எழுதிடாதடி" என்றாள் காசம்மாள், மூக்கைச் சிந்திக்கொண்டு. அதைக் கேட்டு நாலு பேருக்கும் சிரிப்பு வந்து, சிரிப்பிலேயே மறுபடி அழுகை வந்தது.

சின்னபொண்ணு ஆளுக்கொரு சொம்பு நீராகாரம் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல, அவளை அறைந்த கஸ்தூரியின் முகம் கறுத்தது. அவள் ஊர் வண்டிகள்தான் அன்றைக்கு ஆற்றைத் தாண்டி வந்தவை. அந்தப் பெரிய மீசை யாரென்றுகூட அவளுக்குத் தெரியும்போல் இருந்தது.

"எழுந்திரிங்கடி" என்றாள். "வாய்க்கரிசி கொண்டாந்தாச்சு. கோடித்துணி கொண்டாந்தாச்சு. திருப்பி எடுத்துகினு போனா வூட்டுக்கு ஆவாது. எவன் பக்கிரிய எழுப்பி ஓட்டுப் போட வச்சானோ அவன் வாசல்ல போட்டுட்டு வரலாம்."

சுப்பராயலு குறுக்கே வந்து நின்றான். "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை இன்னாத்துக்கும்மா காயுது? இது எங்கூட்டு விவகாரம். நீங்க வந்த வழியப் பாத்துப் போங்க."

"உங்கூட்டு விவகாரம்னா உனக்குக் காய்ச்சலுன்னு போய்ச் செத்தானே, அவனுக்கு நீ இன்னா பண்ண?" என்றாள் கஸ்தூரி. சுப்பராயலு ஒதுங்கிக்கொண்டான். கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலேயே வந்தான்.

மேரி வாசல் கல்யாண வீடு போல இருந்தது. ஜெயித்த மேருக்குக் கட்டிய தோரணம் இன்னும் அவிழ்க்கவில்லை. அதற்குக் கீழே நாலு பெண்களும் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் கோடித்துணியை விரித்து, வாய்க்கரிசியைக் கொட்டி, மாரடித்தார்கள். ஜெயா என்ன விளையாட்டு என்று தெரியாமல் தானும் அடித்துக்கொண்டது. 'ஓட்டுப் போட வந்த ராசா, வூட்டுக்கு வர மறந்தீரோ' என்று கஸ்தூரி எடுத்துக் கொடுக்க, சந்தைக்குப் போகிற பெண்கள் யாரென்றுகூடக் கேட்காமல் கூடையை இறக்கிவைத்துக் கூட அழுதார்கள். தோற்ற கட்சிக்காரர்கள் இரண்டு பேர் எதிரே சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஆதிமூலம் வெளியே வந்தான். சுருட்டுக்காரர்களைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. ஓட்டில் மோசடி என்று அவர்கள் எழுதிப்போட்டு, வெள்ளிக்கிழமை பட்டணத்திலிருந்து ஜட்ஜு துரை விசாரணைக்கு வருகிறார் என்பது ஊரறிந்த விஷயம்.

"சின்னபொண்ணு, உள்ள வாம்மா. எழுதித் தரேன். இவங்கள மொதல்ல நிறுத்தச் சொல்லு."

"எழுதுங்க. நிறுத்துவாங்க."

உள்ளே பெரிய புஸ்தகத்தைத் திறந்தான். அன்று தேடியும் கிடைக்காத புஸ்தகம் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. "சுப்பராயலு, நீயும் வா. கூடப் பொறந்தவன் சாட்சி. தேதி, முந்தாநாள் திங்கக்கெழம. சரியா?"

"திங்கக்கெழமயா?" என்றாள் சின்னபொண்ணு. "அவரு செத்தது கார்த்திகையில. ஏரிக்கரையில. ஊரே கொளுத்துச்சு."

"அத எப்படிம்மா இப்ப சொருவ முடியும்? இந்தப் புஸ்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் நம்பரு, ஜட்ஜு துரை முத்திரை. அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. ஒரு தாளு கொறஞ்சா எனக்குச் சோறு கொறஞ்சிடும். திங்கக்கெழம செத்தான்னா இப்பவே சீட்டு. நாளைக்கே தண்ணி. இன்னா சொல்ற?"

அவளுக்கு எல்லாம் விளங்கியது. திங்கட்கிழமை செத்தவன் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் போட்டிருக்கலாம். ஜட்ஜு துரை புரட்டிப் பார்த்தாலும் ஒரு குற்றமும் இல்லை. ஏரிக்கரையில் நின்று செத்தவனை, கரையும் வேண்டாம், புயலும் வேண்டாம், மேர் வீட்டு விருந்து தின்றுவிட்டுப் படுத்துச் செத்தான் என்று எழுதப்போகிறான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஒத்துக்கம்மா" என்றான் சுப்பராயலு, தரையைப் பார்த்து. "செத்தவனுக்கு எந்தத் தேதியா இருந்தா இன்னா? கழனி காயுது. புள்ள இருக்குது." சொல்லிவிட்டு, ஆதிமூலம் புஸ்தகத்தில் எழுதி முடித்ததும் மையில் விரலை நனைத்து, திங்கட்கிழமை மேல் அழுத்தி வைத்தான்.

சின்னபொண்ணு அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"சீட்டு மொதல்ல எங்கையில குடுங்க" என்றாள் ஆதிமூலத்திடம். "பதினோரு நட நடந்தவ. கையில வாங்காம நான் எதையும் தொட மாட்டேன்."

வெளியே ஒப்பாரி ஏறிக்கொண்டே போயிற்று. ஆதிமூலம் அவசர அவசரமாகப் பிரெஞ்சில் எழுதி, முத்திரை குத்தி நீட்டினான். அவள் அதை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"ரேகை வை" என்று மைப்பலகையைத் தள்ளினான்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

பேனாவைக் கொடுத்தான். அவள் புஸ்தகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு குனிந்தாள். சின்னபொண்ணு என்கிற பேரை எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்? அவள் ஒரு வரி எழுதினாள். மை தொட்டாள். இன்னொரு வரி எழுதினாள். வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆதிமூலம் திரும்பியபோது நாலாவது வரி முடிந்து, கீழே பேரும் ஏறியிருந்தது.

அவன் படித்தான். புஸ்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினான். "இன்னாத்தடி எழுதி வச்ச? பாவி, எங்குடிய கெடுத்தியே! அந்தச் சீட்டக் குடு! இதக் கிழிக்கவும் முடியாதே, அடிக்கவும் முடியாதே! வெள்ளிக்கெழம நான் இன்னாத்தக் காட்டுவேன்?"

சத்தம் கேட்டு அழுகை நின்றது. மூன்று பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சந்தைப் பெண்கள், அவர்களுக்கும் பின்னால் சுருட்டுக்காரர்கள்.

"எங்களுக்கு எழுத்துத் தெரியாது சாமி" என்றாள் கஸ்தூரி. "இன்னா எழுதிக்கிறான்னு கொஞ்சம் ஒரக்கப் படியேன், கேட்டுக்கிறோம்."

ஆதிமூலம் புஸ்தகத்தைப் படாரென்று மூடி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"அவரு படிக்க மாட்டாரு, நானே சொல்றேன்" என்றாள் சின்னபொண்ணு. மடத்தில் பாடம் ஒப்பித்த அதே குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"'என் புருஷன் பக்கிரி மூன்று வருஷத்துக்கு முன் கார்த்திகைப் புயலில் ஏரிக்கரையில் செத்தார். ஓட்டுப் போட்டது அவர் அல்ல. மேலே எழுதியிருப்பது பொய். பொய் என்று தெரிந்தே அவர் அண்ணன் ரேகை வைத்தார். இப்படிக்கு, பக்கிரி பெண்சாதி சின்னபொண்ணு.'"

சுப்பராயலு மை பட்ட விரலை வேட்டியில் துடைத்தான். அது போகவில்லை.